ஃபவுண்ட்ரியில் ஆட்டக்காரர்களே படைக்கும்போது வரும் கோளாறுகள்: எந்த அறிகுறிக்கு எந்தப் பூட்டு

ஃபவுண்ட்ரி, கதாபாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்களை இணையவழி நடத்த உதவும் மென்பொருள். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் (ஜி.எம்.) நீங்கள். மந்திரவாதியாக ஆடுபவர், துணைப் பிராணியை வரவழைக்கும் ‘ஃபைண்ட் ஃபெமிலியர்’ மந்திரத்தைப் போட்டுவிட்டு, “என் ஆந்தையை நானே மேப்பில் வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்கிறார். “தாராளமாக” என்கிறீர்கள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஆட்டம் நகர்வதில்லை. பொத்தானைக் காணவில்லை என்பார். பொத்தான் வந்தால் ஆந்தை மேப்பில் இறங்காது. இறங்கினால் எதிரியைப்போலச் சிவப்புச் சட்டத்தோடு நிற்கும். மற்ற நால்வரும் மைக்கை அணைத்துவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவார்கள்.

ஃபவுண்ட்ரி வி.டி.டி. வெளிவந்த 2020 முதல் இதில் வாராந்தர ஆட்டம் நடத்தும் எவரும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். கீழே உள்ளவை பதிப்பு 11 முதல் 13 வரை பொருந்தும். மெனுவின் இடம் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் நகரும், அடிப்படை மாறாது. எடுத்துக்காட்டுகள் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பின் சிஸ்டத்தை, அதாவது அந்த ஆட்டத்தின் விதிகளை ஃபவுண்ட்ரிக்குள் கொண்டுவரும் தொகுப்பை, வைத்துச் சொல்லப்பட்டவை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் கோளாறு தானாகவே தீரும். ஃபவுண்ட்ரியில் இரண்டு தனித்தனிப் பூட்டுகள் உள்ளன. ஒன்று, இவர் இந்த வகைப் பொருளை உருவாக்கலாமா என்பது. இதைத் தீர்மானிப்பது அவருடைய பதவி: பிளேயர், டிரஸ்டட் பிளேயர், அசிஸ்டன்ட் ஜி.எம்., கேம் மாஸ்டர். மற்றொன்று, ஏற்கெனவே இருக்கும் இந்தக் குறிப்பிட்ட பொருள் யாருடையது என்பது. இது ஒவ்வொரு ஆக்டருக்கும் (கதாபாத்திரம் அல்லது பிராணியின் பதிவு) ஜர்னலுக்கும் (குறிப்பேடு) தனியாக வைக்கப்படும் உரிமை: நன், லிமிடெட், அப்சர்வர், ஓனர். பிளேயரை டிரஸ்டட் பிளேயராக உயர்த்தினால் அடுத்தவரின் ஷீட் (ஆக்டரின் விவரத்தாள்) திறந்துவிடாது. ஓனர் ஆக்கினால் புதிய ஆக்டர் உருவாக்கும் பொத்தான் முளைத்துவிடாது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 2022இல் பதிப்பு 10 வரும் வரை இரண்டுக்குமே ‘பெர்மிஷன்’ என்றுதான் பெயர். அதன் பிறகுதான் இரண்டாவது ‘ஓனர்ஷிப்’ ஆனது. பழைய காணொளியைப் பார்த்துக்கொண்டு புதிய பதிப்பில் தேடுகிறவர்கள் தவறான ஜன்னலுக்குள் நின்றுகொண்டு திட்டுவது இதனால்தான்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்துவையுங்கள். யூசர் மேனேஜ்மென்டில் ‘சோதனை’ என்ற பெயரில் ஒரு பயனரை உருவாக்கி, உங்கள் ஆட்டக்காரர்களுக்கு உள்ள அதே பதவியைக் கொடுங்கள். பிரௌசரின் மறைநிலை ஜன்னலில் அந்தப் பெயரில் உள்ளே நுழையுங்கள். ஜி.எம். கண்ணுக்கு எல்லாப் பொத்தான்களும் எப்போதும் தெரியும். அங்கிருந்து பார்த்தால் கோளாறு ஒருபோதும் தெரியாது. “எனக்கு வேலை செய்கிறதே” என்று சொல்லி ஆட்டக்காரரின் கணினியைப் பழிப்பதைவிட இது மேல்.

ஆக்டர்ஸ் தாவலில் உருவாக்கும் பொத்தானே இல்லை

இது முதல் பூட்டு. வலப்பக்கப் பட்டையில் பல்சக்கரப் படத்தைச் சொடுக்கி, கான்ஃபிகர் செட்டிங்ஸ், அதில் கோர், அதில் பெர்மிஷன் கான்ஃபிகரேஷன். ஒரு பெரிய கட்டம் திறக்கும்: இடப்பக்கம் செயல்கள், மேலே பதவிகள், நடுவே டிக் பெட்டிகள். ‘கிரியேட் நியூ ஆக்டர்ஸ்’ என்ற வரியில், தொடக்கத்தில் அசிஸ்டன்டுக்கும் அதற்கு மேலும்தான் டிக் இருக்கும்.

இங்கே பலரும் பிளேயர் நிரலில் டிக் போட்டுவிடுகிறார்கள். நான் அதைச் செய்வதில்லை. பிளேயர் நிரலை அப்படியே விட்டுவிட்டு, டிரஸ்டட் பிளேயர் நிரலில் வேண்டியதைத் திறந்து, யாரைப் படைக்க விடுகிறேனோ அவரை மட்டும் அந்தப் பதவிக்கு உயர்த்துகிறேன். ஒரு வாரம் மட்டும் ஆட வந்த விருந்தாளி, பக்கப்பட்டையில் ‘அஅஅ’ என்று நாலு ஆக்டர்களை உருவாக்கிவிட்டுப் போகமாட்டார். நாளைக்கு ஏதாவது எல்லை மீறினால் ஒருவரின் பதவியை இறக்கினால் போதும். கட்டத்தில் எந்த டிக்கை எப்போது போட்டோம் என்று நினைவுகூர வேண்டியதில்லை.

மாற்றிய பிறகும் பொத்தான் வரவில்லை என்றால் ஆட்டக்காரர் எஃப்5 அழுத்திப் பக்கத்தைப் புதுப்பிக்கட்டும்.

ஆக்டர் இருக்கிறது, மேப்பில் இழுத்தால் இறங்கவில்லை

ஆக்டர் உருவாக்குவது ஓர் அனுமதி. டோக்கன், அதாவது மேப்பில் நிற்கும் அதன் வில்லை, வைப்பது இன்னொன்று. கட்டத்தில் ‘கிரியேட் நியூ டோக்கன்ஸ்’ தனி வரி, ‘டெலிட் டோக்கன்ஸ்’ அதற்கும் தனி வரி. முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை மறந்தால், மாண்ட ஆந்தைகள் மேப்பில் கிடந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றாக அகற்ற உங்களைத்தான் கூப்பிடுவார்கள். சேர்த்தே கொடுத்துவிடுங்கள். டோக்கனின் பார்வை, பெயர், சட்ட நிறம் ஆகியவற்றை மாற்ற ‘கான்ஃபிகர் டோக்கன் செட்டிங்ஸ்’ வேண்டும். இது டிரஸ்டட் பதவிக்குத் தொடக்கத்திலேயே உண்டு.

அந்த ஆக்டருக்கு அவர் ஓனராகவும் இருக்க வேண்டும். தாமே உருவாக்கியதற்கு அவர் தானாகவே ஓனர் ஆகிவிடுவார். நீங்கள் உருவாக்கிக் கொடுத்தது என்றால், ஆக்டரின் மேல் வலச்சொடுக்கி ‘கான்ஃபிகர் ஓனர்ஷிப்’ ஜன்னலில் அவர் பெயருக்கு எதிரே ஓனர் வையுங்கள்.

டி அண்ட் டி சிஸ்டத்தின் புதிய பதிப்புகளில், மந்திரத்திலிருந்தே அழைத்து டோக்கனை இறக்கும் வசதி இருக்கிறது. அதற்கும் இதே டோக்கன் அனுமதி தேவை. கூடவே சிஸ்டத்தின் செட்டிங்ஸில் ஆட்டக்காரர்கள் அழைக்கலாம் என்ற தனி டிக்கும் உண்டு. அந்த வசதி அசையவில்லை என்றால் இந்த இரண்டையும் பாருங்கள்.

ஆந்தை இறங்கிவிட்டது, ஆனால் அதன் நடத்தை சரியில்லை

இந்தக் கோளாறைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் பிழைச்செய்தி எதுவும் வராது. எல்லாம் சரியாக நடப்பதுபோல் இருக்கும்.

ஆட்டக்காரர் கம்பெண்டியத்திலிருந்து (தயார்நிலைப் பொருள்களின் தொகுப்பு) ஆந்தையை ஆக்டர்ஸ் தாவலுக்கு இழுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அது ‘என்.பி.சி.’ (ஆட்டக்காரர் ஏற்காத பாத்திரம்) வகை ஆக்டர். கதாபாத்திர வகை ஆக்டரைப் புதிதாக உருவாக்கும்போது இந்த சிஸ்டம் மூன்று காரியங்களைத் தானாகச் செய்துவிடுகிறது: டோக்கனை ஷீட்டோடு இணைக்கிறது, பார்வையைத் திறக்கிறது, நண்பன் என்று குறிக்கிறது. என்.பி.சி.க்கு இவை எதுவும் நடப்பதில்லை. பத்துப் பூதங்களை ஒரே ஆக்டரிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உயிர்க்கணக்கு வைக்க வேண்டிய ஜி.எம்.மின் தேவைக்கு அது பொருத்தம்தான். ஓர் ஆந்தையை வளர்க்கும் மந்திரவாதிக்குப் பொருந்தாது.

அதனால்தான் சட்டம் சிவப்பாக வருகிறது. அதனால்தான் ஆந்தையைக் கூரைமேல் பறக்கவிட்டாலும் ஆட்டக்காரருக்கு அதன் வழியே எதுவும் தெரிவதில்லை. அதனால்தான் மேப்பில் அடிபட்ட ஆந்தையின் ஷீட்டைப் பக்கப்பட்டையிலிருந்து திறந்தால் உயிர் குறையாமல் இருக்கிறது. ஆந்தைக்கு மொத்தமே 1 ஹிட் பாயின்ட் என்பதால் கணக்குக் குழப்பம் பெரிதாக வராது. இதே வழியில் சேர்த்த போர்க்குதிரையாக இருந்தால், அடுத்த மேப்பில் புதிதாக இழுத்ததும் அது காயமே இல்லாமல் வந்து நிற்கும். ஆட்டக்காரர் ஏமாற்றுகிறார் என்று நீங்கள் நினைப்பீர்கள். பாவம், அவர் எதுவும் செய்யவில்லை.

சரிசெய்வது மேப்பில் இருக்கும் டோக்கனில் அல்ல. ஆக்டரின் ஷீட்டைத் திறந்து, தலைப்பட்டையில் ‘புரோட்டோடைப் டோக்கன்’ ஜன்னலுக்குப் போங்கள். ‘லிங்க் ஆக்டர் டேட்டா’வை டிக் செய்யுங்கள். டிஸ்பொசிஷனை ஃபிரண்ட்லி ஆக்குங்கள். விஷன் பகுதியில் பார்வையைத் திறந்து, தூரத்தைக் குறிப்பிடுங்கள். பிறகு மேப்பில் இருக்கும் பழைய டோக்கனை அழித்துவிட்டுப் புதிதாக இழுங்கள். பழையதை அழிக்காமல் விட்டால் மாற்றம் எடுபடாது. புரோட்டோடைப் என்பது இனிமேல் இறங்கப்போகும் டோக்கன்களுக்கான அச்சு மட்டுமே.

ஆந்தையை எல்லாரும் பார்க்கட்டுமே என்று அதன் உரிமையை ‘ஆல் பிளேயர்ஸ்: அப்சர்வர்’ என்று வைத்துவிடாதீர்கள். அப்சர்வர் உரிமை உள்ளவர், பார்வை திறந்த டோக்கனின் கண் வழியாகவும் பார்ப்பார். தனியே உளவு பார்க்கப்போன ஆந்தை, குழு முழுவதுக்கும் கேமரா ஆகிவிடும். படத்தையும் பெயரையும் காட்ட லிமிடெட் போதும்.

ஷீட் திறக்கிறது, எதையும் மாற்ற முடியவில்லை

அப்சர்வர் வைத்திருக்கிறீர்கள், ஓனர் ஆக்குங்கள். கோப்புறையின் மேல் உரிமை வைத்திருந்தால் ஒரு நுணுக்கம்: அந்தச் செயல், அப்போது உள்ளே இருந்த பொருள்களுக்கு மட்டுமே ஒருமுறை பொருந்தும். மறுநாள் உள்ளே போட்ட ஆக்டருக்கு அது ஒட்டாது. “கோப்புறைக்கே கொடுத்துவிட்டேனே” என்பவர்களின் கோளாறு பெரும்பாலும் இதுதான்.

ஓனர் ஆன பிறகும், அரட்டையில் கதாபாத்திரப் பெயருக்குப் பதில் ஆட்டக்காரரின் பெயரே வருகிறது என்றால், அது உரிமை சம்பந்தப்பட்டதல்ல. கீழே இடப்பக்கம் அவர் பெயரை வலச்சொடுக்கி யூசர் கான்ஃபிகரேஷனில் அவருடைய கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

‘ஐட்டம் உருவாக்க அனுமதி இல்லை’

ஆட்டக்காரர் எங்கே உருவாக்கப் பார்க்கிறார் என்று முதலில் கேளுங்கள். தம் கதாபாத்திரத்தின் ஷீட்டுக்குள் ஒரு வாளையோ கயிற்றையோ சேர்க்க ‘கிரியேட் நியூ ஐட்டம்ஸ்’ அனுமதி தேவையே இல்லை. ஷீட்டுக்கு ஓனராக இருந்தால் போதும். அந்த அனுமதி, பக்கப்பட்டையில் உள்ள பொதுவான ஐட்டம்ஸ் தாவலுக்கு மட்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஷீட்டுக்குள் சேர்ப்பதே போதும். பொதுத் தாவலைத் திறந்துவிட்டு அதில் குப்பை சேர்வதைப் பார்க்க வேண்டாம்.

இதன் மறுபக்கம்: ஓனர் என்றால் முழு ஓனர். தம் ஷீட்டில் இருக்கும் +1 வாளை அவர் +3 என்று திருத்தினால் மென்பொருள் தடுக்காது, உங்களுக்குத் தகவலும் வராது. இதை மென்பொருளால் தீர்க்க முயல்வது வீண்வேலை. அப்படித் திருத்துகிறவரோடு ஆடுவது பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

வாளைத் திருத்தினேன், ஆட்டக்காரரிடம் பழையதே இருக்கிறது

ஐட்டம்ஸ் தாவலிலிருந்து ஷீட்டுக்கு இழுக்கும்போது நகல் ஒன்று பிறக்கிறது. அதன் பிறகு மூலத்துக்கும் நகலுக்கும் உறவில்லை. மூலத்தில் சேதக்கணக்கைத் திருத்தினால் ஷீட்டில் மாறாது. ஷீட்டில் உள்ளதை நீக்கிவிட்டு மறுபடி இழுங்கள், அல்லது ஷீட்டிலேயே திருத்துங்கள். ஆட்டக்காரர்கள் சொந்தமாக மந்திரங்களை எழுதிச் சேர்க்கும் குழுவில், “இதுதான் கடைசி வடிவம்” என்று முடிவான பிறகே மற்றவர்களின் ஷீட்டுக்கு இழுப்பது என்று வழக்கம் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும்.

படம்: எல்லாக் கோளாறுகளுக்கும் தாய்வீடு

ஆட்டக்காரர் தம் கதாபாத்திரத்தின் படத்தைச் சொடுக்குகிறார். கோப்பு ஜன்னல் திறக்கவில்லை, அனுமதி இல்லை என்ற செய்தி வருகிறது என்றால் ‘யூஸ் ஃபைல் பிரௌசர்’ இல்லை. ஜன்னல் திறக்கிறது, ஆனால் பதிவேற்ற முடியவில்லை என்றால் ‘அப்லோட் நியூ ஃபைல்ஸ்’ இல்லை. முதலாவது டிரஸ்டட் பதவிக்குத் தொடக்கத்திலேயே இருக்கும், இரண்டாவது அசிஸ்டன்டுக்குத்தான்.

இரண்டையும் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஃபைல் பிரௌசர் என்பது உங்கள் டேட்டா கோப்புறை முழுவதற்குமான ஜன்னல். நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு வாரமாக என் ஆட்டத்தில் அரசனுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த சாது அமைச்சரின் படத்துக்கு, நான் வைத்திருந்த கோப்புப்பெயர் ‘அமைச்சர்-ரத்தக்காட்டேரி-2’. படம் மாற்றப்போன ஆட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டார். அவர் நல்லவர், யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சந்திப்பிலேயே அவருடைய குருமார் கதாபாத்திரம் காரணமே இல்லாமல் பூண்டு வாங்கியது.

ஜி.எம். தம் ஃபைல் பிரௌசரில் எந்தக் கோப்புறையையும் தனிப்பட்டதாகக் குறிக்கலாம். பிறகு ஆட்டக்காரர்களின் பட்டியலில் அது வராது. மேப்புகள், எதிரிகள், இனி வரப்போகும் அத்தியாயங்கள் எல்லாவற்றையும் அப்படிப் பூட்டுங்கள். ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு கோப்புறை, அதற்குள் ஆளுக்கொரு கோப்புறை. இந்தப் பூட்டு பட்டியலில் காட்டாமல் மறைப்பதோடு சரி. கோப்பின் முழு முகவரி தெரிந்தவருக்குப் படம் திறக்கும். எனவே பெயரை வெள்ளந்தியாக வைப்பதும் தேவைதான்.

ஆளுக்கொரு கோப்புறை ஏன் என்றால், இன்னொரு வேடிக்கையான அறிகுறி இருக்கிறது: நேற்று வரை குள்ளனாக இருந்த கதாபாத்திரத்துக்கு இன்று தேவதையின் முகம். இரண்டு பேர் ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் படம் ஏற்றியிருக்கிறார்கள். பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்து உட்கார்ந்துவிட்டது. சில நேரம் பிரௌசர் பழைய படத்தைச் சேமித்துவைத்திருப்பதால், ஒருவருக்குக் குள்ளனும் இன்னொருவருக்குத் தேவதையும் தெரிந்து, யார் சொல்வது சரி என்று வாக்குவாதமும் நடக்கும்.

சின்னப் படம் ஏறுகிறது, பெரிய படம் ஏறவில்லை: ஃபவுண்ட்ரிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இடைநிலை சர்வர் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதன் இயல்பான வரம்பு 1 எம்.பி.; அதற்கு மேல் போனால் 413 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும். ‘கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்’ வரியில் 300 எம்.பி. வைக்கும்படி ஃபவுண்ட்ரியின் சொந்த வழிகாட்டியே சொல்கிறது. கைப்பேசியில் எடுத்த 4 எம்.பி. படத்தை டோக்கனாக வைப்பது வேறு விஷயம். 400 பிக்சல் சதுரத்தில், வெப்பி (WebP) வடிவத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள். மேப் திறக்கும் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஷீட்டில் படம் தெரிகிறது, மேப்பில் தெரியவில்லை: இது கேட்பவரை மிகவும் குழப்பும் அறிகுறி, காரணம் எளிது. ஆட்டக்காரர் படத்தைப் பதிவேற்றாமல், வேறொரு தளத்தில் உள்ள படத்தின் முகவரியை ஒட்டியிருக்கிறார். ஷீட் சாதாரண வலைப்பக்கம்போல அதைக் காட்டிவிடும். மேப்பு வெப்ஜிஎல் என்ற பிரௌசர் வரைகலை வசதியால் வரையப்படுவது. அந்தத் தளம் வெளிப்படையாக அனுமதி தந்தால் ஒழிய, பிரௌசர் அந்தப் படத்தை மேப்பில் பயன்படுத்த விடாது. படத்தை இறக்கி, உங்கள் சர்வரில் ஏற்றுங்கள். வேறு குறுக்குவழியில் நேரம் செலவழிக்காதீர்கள்.

ஜர்னலில் எழுதினேன், மற்றவர்களுக்குத் தெரியவில்லை

பயணக்குறிப்பு எழுதும் ஆட்டக்காரர் கிடைப்பது வரம், அவரைச் சலிப்படையவிடாதீர்கள். ‘கிரியேட் ஜர்னல் என்ட்ரீஸ்’ டிரஸ்டட் பதவிக்குத் தொடக்கத்திலேயே உண்டு. ஆனால் அவர் உருவாக்கியது அவருக்கும் ஜி.எம்.முக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு உரிமை ‘நன்’. உங்களுக்குத் தெரிவதால் எல்லாருக்கும் தெரிகிறது என்று இருவருமே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உரிமை ஜன்னலில் ‘ஆல் பிளேயர்ஸ்’ வரியை அப்சர்வர் ஆக்குங்கள்.

எல்லாரும் சேர்ந்து எழுதும் குறிப்பேடு என்றால் எல்லாருக்கும் ஓனர். அதற்கென்று புதிய, காலியான ஜர்னலைத் தொடங்குங்கள். உங்களுடைய பழைய ஜர்னலைத் திறந்துவிட்டால், அதில் நீங்கள் ‘சீக்ரெட்’ என்று மறைத்துவைத்த பத்திகள், ஓனர் ஆனவர்கள் அனைவருக்கும் தெரியும்.

மேக்ரோ பொத்தானை அழுத்தினால் சிவப்புச் செய்தி

ஸ்கிரிப்ட் மேக்ரோவுக்கு (ஒரே சொடுக்கில் ஓடும் சிறு கட்டளைத் தொகுப்பு) இரண்டு பூட்டுகளும் திறந்திருக்க வேண்டும்: பதவியில் ‘யூஸ் ஸ்கிரிப்ட் மேக்ரோஸ்’, அந்த மேக்ரோவின் மேல் குறைந்தது லிமிடெட் உரிமை. இரண்டும் இருந்தும் செய்தி வந்தால், அது என்ன செய்யப் பார்க்கிறது என்று பாருங்கள். நீங்கள் எழுதிய மேக்ரோவாக இருந்தாலும் அது அழுத்துகிறவரின் அதிகாரத்தில்தான் ஓடும். தம் தீப்பந்தத்தைக் கொளுத்தும்; பூதத்தின் உயிரைக் குறைக்காது, ஏனென்றால் பூதம் அவருடையது அல்ல. சேதத்தை ஜி.எம். அரட்டை அட்டையிலிருந்து ஏற்றுவதே எளிது. ஜி.எம்.மின் பிரௌசர் வழியாகக் கட்டளையை அனுப்பும் மாட்யூல்கள் (ஃபவுண்ட்ரியில் சேர்க்கும் துணைத் தொகுப்புகள்) இருக்கின்றன, ஜி.எம். உள்ளே இல்லாத நேரத்தில் அவை ஓடாது.

ஆட்டக்காரர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஸ்கிரிப்டை, “சும்மா ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்” என்று சொன்னாலும் படிக்காமல் உங்கள் கணக்கில் ஓட்டாதீர்கள். அங்கே அது உங்கள் அதிகாரத்தில் ஓடும்.

மேப்பு, ரோல் டேபிள் உருவாக்க வழியே தெரியவில்லை

அனுமதிக் கட்டத்தில் இவற்றுக்கு வரியே கிடையாது. அசிஸ்டன்ட் ஜி.எம். ஆக்கினால் முடியும், கூடவே உங்கள் ஜர்னல், எதிரி, மறைத்த மேப் எல்லாம் அவருக்குத் திறந்துவிடும். அடுத்த கதையை அவர் நடத்தப்போகிறார் என்றால் சரி. ஒரு சத்திரத்தின் மேப் வரைய மட்டும் என்றால், அவர் படத்தை அவருடைய கோப்புறையில் ஏற்றட்டும். அதை மேப்பாக்குவதை நீங்கள் செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை.

மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை

எல்லா மாட்யூல்களையும் அணைத்துவிட்டு, மறைநிலை ஜன்னலில் ‘சோதனை’ பயனராக அதே காரியத்தைச் செய்துபாருங்கள். நடந்தால் மாட்யூல்தான் காரணம். பாதியை ஏற்றி, பிறகு அதில் பாதியை ஏற்றித் தேடுங்கள். நடக்கவில்லை என்றால் எஃப்12 அழுத்திக் கன்சோலைத் திறந்து, சிவப்பு வரியைப் படியுங்கள். அனுமதி இல்லாத கோளாறு என்றால், எந்தப் பயனருக்கு எந்த வகைப் பொருளில் எந்தச் செயல் மறுக்கப்பட்டது என்று அந்த வரி பெரும்பாலும் பெயரோடு சொல்லிவிடும். அந்தப் பொருளின் உரிமை ஜன்னலைத் திறந்து, அங்கிருந்து தொடங்குங்கள்.